பொங்கல் லீவுக்குக் கேமராப் பயணம்: கூந்தன்குளமா, முண்டந்துறையா, கடலோரமா, மூணாறா?

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. கையில் ஒரு கேமரா, ஒரு 70-300 மி.மீ. லென்ஸ். "பக்கத்துல ஏதாவது நேஷனல் பார்க் போய்ப் படம் எடுப்போமே" என்று பேச்சு ஆரம்பிக்கும். எது பக்கம், எதற்குள்ளே விடுவார்கள், எதில் என்ன கிடைக்கும் என்று போய் முட்டி நிற்கும். கடைசியில் யாராவது மூணாறு என்பார்கள், வண்டி கிளம்பிவிடும். திரும்பி வந்து பார்த்தால் மெமரி கார்டில் பனிமூட்டமும், முன்னால் நின்றவர்களின் முதுகும்தான் இருக்கும்.

நேஷனல் பார்க் என்ற சொல்லையே முதலில் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். சட்டப்படி தேசியப் பூங்கா என்று தமிழ்நாட்டில் இருப்பவை ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையின் இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா. இவற்றில் நெல்லைக்காரருக்குப் பக்கம் என்று சொல்லத்தக்கது மன்னார் வளைகுடா மட்டும்தான், அதுவும் கடலுக்குள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பட்டியலில் அடிக்கடி வரும் இரவிகுளம், மூணாறை ஒட்டிக் கேரளத்தில் இருக்கிறது. இந்த நான்கையும்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம். படம் எடுக்கிறவருக்குப் பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை விட, வாசல் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதுதான் முக்கியம்.

## எதை வைத்து எடை போடுவது

வெளிச்ச மணி. தை மாத நடுவில் நெல்லையில் சூரியன் உதிப்பது காலை 6.40ஐ ஒட்டி, அடைவது மாலை 6.20ஐ ஒட்டி. நாம் இருப்பது கிட்டத்தட்ட 8.7 டிகிரி அட்சரேகையில். வடக்கே இமயமலைப் பக்கம்போல வெயில் சாய்ந்தே கிடக்காது, விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். அடிவானத்திலிருந்து 8.15க்குள் 20 டிகிரி, 9 மணிக்குள் 30 டிகிரி உயரம். அதற்கு மேல் வெள்ளை இறகு வெளுத்துப் போகும், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். ஆகக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று மணிதான் கணக்கு. எந்த இடத்தையும் "அங்கே போனால் இந்த மூன்று மணியில் எத்தனை நம் கைக்கு வரும்" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தூரத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள கணக்கு. உயரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் மில்லிமீட்டரால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும் பிம்பத்தின் உயரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஒரு மீட்டர் உயர நாரை 50 மீட்டரில், 300 லென்ஸில்: 6 மி.மீ. சாதாரண ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15.6 மி.மீ. என்பதால் படச் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நல்ல படம். அதே நாரை 150 மீட்டரில் நின்றால் 2 மி.மீ., அதாவது புள்ளி. லென்ஸ் வாடகைக்கு எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுவிடுங்கள்.

எந்த மாதம். புத்தகங்களில் "அக்டோபர் முதல் மார்ச் வரை" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கும். நம் பக்கத்துக்கு அது சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்கழி பனியும் திடீர் மழையும். தை, மாசிதான் உலர்ந்த குளிர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது மார்கழி முதல் வாரம். டிசம்பரில் பணம் திரும்ப வராத முன்பதிவு எதுவும் வேண்டாம்.

கூட்டமும் திருவிழாவும். சபரிமலை சீசன் தை முதல் தேதி மகரவிளக்கு தாண்டியும் சில நாள் ஓடும். குற்றாலம், செங்கோட்டை, குமுளி என்று அந்த வழியெல்லாம் அறை கிடைக்காது. தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் நிற்க இடமிருக்காது. காணும் பொங்கலன்று மணிமுத்தாறு, அகத்தியர் அருவிப் பக்கம் கேமராவோடு போவது வீண். தேதி குறிக்கும்போது காலண்டரோடு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

## கூந்தன்குளம்

நாங்குநேரி வட்டத்தில், நெல்லையிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர். மூலைக்கரைப்பட்டி வழியாகவும் போகலாம், நாங்குநேரி வழியாகவும் போகலாம். 1994ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளம், காடன்குளம் இரண்டும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர். இப்போது ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது.

வெளிச்சக் கணக்கில் இதற்குப் போட்டியே இல்லை. ஊரும் குளமும் ஒட்டிக் கிடக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகிறது. இருட்டோடு போய் இறங்கினால் காலை ஒன்றரை மணியும் முழுசாகக் கைக்கு வரும், மாலையும் அப்படியே. போய்வர 70 கிலோமீட்டர், வெளிச்சம் மூன்று மணி. மற்ற மூன்று இடமும் இந்த விகிதத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

லென்ஸ் விஷயத்தில் இதை இரண்டு இடமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊருக்குள் மரத்தின் மேல் இருக்கும் நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் 15 முதல் 40 மீட்டரில். 70-300 தாராளம், சில நேரம் 300 அதிகமாகிப் போய்ச் சிறகு சட்டத்துக்கு வெளியே போகும். குளத்து நடுவில் மிதக்கும் வரித்தலை வாத்துகள் வேறு கதை. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறவை, கரைக்குப் பக்கம் வருவதில் அவ்வளவு விருப்பம் காட்டாது. முக்கால் மீட்டர் நீள வாத்து 150 மீட்டரில் இருந்தால், 300 லென்ஸில் ஒன்றரை மி.மீ. இதற்கு 600 இருந்தாலும் தனி வாத்துப் படம் சுமார்தான். கூட்டமாக எழும்புவதை எடுங்கள், அதுதான் அழகு.

எங்கே நிற்பது என்பதைக் காற்று சொல்லும். மார்கழி, தையில் காலையில் வாடை அடிக்கும், வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும். பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எழும்பும். சூரியன் கிழக்கே. ஆகக் கூட்டு மரத்துக்குக் கிழக்கிலோ வடகிழக்கிலோ நின்றால், பறவை நம்மைப் பார்த்து வரும், வெயிலும் அதன் முகத்தில் விழும். மேற்கே நின்றால் வால்தான் கிடைக்கும், அதுவும் நிழலாக. மாலையில் காற்றும் வெயிலும் ஒத்துப் போகாது. அப்போது பறக்கும் படத்தை விட்டுவிட்டு, கூட்டில் நிற்பதை மேற்குப் பக்கமிருந்து எடுக்கலாம்.

கூடு கட்டும் நாட்களில் நாரை ஒரே பாதையில் சுள்ளி கொண்டு வரும். கருவேலமுள்ளை ஒடித்து, அலகில் குறுக்காகக் கவ்வி, அதே இரண்டு மரத்துக்கு இடையில் நுழைந்து, காலைக் கீழே தொங்கவிட்டு, சிறகை விரித்துத் தடை போட்டு, கூட்டில் இறங்கும். அடுத்த சுள்ளிக்கும் அதே வழிதான். இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூன்றாவது தடவைக்கு முன்பே அந்த இடைவெளியில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் துளை எஃப் 7.1, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) தானாக. பின்னால் கரும்பச்சை மரம் இருந்தால் வெள்ளை உடம்பு வெந்துவிடும், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்போ பாதியோ). பின்னால் வானம் என்றால் நேர் எதிர், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இதை மாற்ற மறந்துதான் முக்கால்வாசிப் படம் வீணாகிறது.

மறைசெலவு பணத்தில் இல்லை. பொறுமையிலும் மரியாதையிலும் இருக்கிறது. கூட்டு மரம் நிற்பது யாருடைய முற்றத்திலோ. "உள்ள வரலாமா ஆச்சி" என்று கேட்டுவிட்டுப் போகிற ஊர் அது. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். பறக்க வைக்கக் கைதட்டுவது, கல் எறிவது, ஃபிளாஷ் அடிப்பது எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். தாய்ப்பறவை எழும்பிய அடுத்த நிமிடம் காகம் முட்டைக்கு வந்துவிடும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பெரிய சிக்கல் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாயும் கைவிட்டால் குளம் பெருகாது. பறவை வருவதும் தங்குவதும் அதைப் பொறுத்துத்தான். ரொம்பப் பெருகினாலும் தொல்லை: ஓரத்துச் சேறு மூழ்கிப்போய், அலகால் கிளறி இரை தேடும் உள்ளான், பவளக்காலி வகையெல்லாம் வேறு குளத்துக்குப் போய்விடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தெரிந்தவர் யாருக்காவது ஒரு போன்: "அண்ணாச்சி, குளத்துல தண்ணி கெடக்கா? பறவ எறங்கிருக்கா?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் வண்டி எடுக்காதீர்கள்.

ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் மேலே கானல் ஆடத் தொடங்கும். 600 லென்ஸில் எடுத்த படம் எல்லாம் இலேசாகக் கரைந்தமாதிரி வரும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. லென்ஸில் ஒரு பழுதும் இருக்காது, காற்று சூடானதுதான் காரணம். மூட்டை கட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போகலாம்.

## முண்டந்துறை

1988ல் அமைந்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அறிவித்தபோது 895 சதுர கிலோமீட்டர். "புலி" என்ற சொல்லை நம்பிப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: இது பந்திப்பூர் மாதிரி ஜீப்பில் போய்ப் புலி பார்க்கும் காடு அல்ல. அடர்ந்த மழைக்காடு. புலி பத்தடிக்கு அப்பால் நின்றாலும் இலைதான் தெரியும். கருமந்தி, சோலைமந்தி, மலை அணில், பெரிய இருவாச்சி, ஓடைக்கரைத் தவளை, பாசி, பூஞ்சை, மேகம் இறங்கிய சோலை, இவைதான் இங்கே படம். இதில் ஆசை இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் தென்கோடியில் கிடையாது.

பாபநாசம், முண்டந்துறை, மணிமுத்தாறு அம்பாசமுத்திரம் கோட்டத்தில். தலையணை, செங்கல்தேரி களக்காடு கோட்டத்தில். இரண்டுக்கும் துணை இயக்குநர் அலுவலகம் தனித்தனி. ஒரு அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்ற கோட்டத்து வாசலில் போய் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. எங்கே வரை சொந்த வண்டி விடுவார்கள், இருசக்கர வண்டிக்கு எது எல்லை, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, தங்குமிடம் திறந்திருக்கிறதா, இந்த நான்கையும் முதல் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். மழை, சாலை வேலை, புலிக் கணக்கெடுப்பு என்று எந்த நாளும் வாசல் மூடலாம். தை, மாசியில் கணக்கெடுப்பு வந்தால் அந்தச் சில நாட்களுக்கு யாரையும் விட மாட்டார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நடத்திய கம்பெனி 2024ல் வேலையை நிறுத்திவிட்டது. மேலே டீக்கடையும் சாப்பாடும் இருக்கும் என்று பழைய நினைப்பில் போகக் கூடாது.

வெளிச்சக் கணக்கு இங்கே தலைகீழ். சோதனைச் சாவடியில் பதிவு முடித்து உள்ளே போகும்போது வெயில் ஏறியிருக்கும், உண்மைதான். ஆனால் மரத்தடியில் வெளிச்சம் வடிகட்டித்தான் வரும். மேகமூட்டம் இருந்தால் மதியம் பன்னிரண்டு மணிக்குக்கூட மென்மையான படம் எடுக்கலாம். நம் பக்க மலைச்சரிவு கிழக்கு நோக்கியது. அதனால் காலை வெயில் மலை முகத்தில் நேராக அடிக்கும், அருவியும் பாறையும் எடுக்கக் காலைதான். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், காரையார்ப் பக்கம் ஊருக்கு முக்கால் மணி முன்னதாகவே இருட்டத் தொடங்கும். ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று திட்டம் போட்டால் ஏமாற்றம்தான்.

வெளிச்சம் மென்மை, ஆனால் குறைவு. கிளையில் உட்கார்ந்திருக்கும் கருமந்தியை 300 லென்ஸில் எடுக்க 1/250, எஃப் 5.6 வைத்தால் ஐஎஸ்ஓ 6400 தொட்டுவிடும். கருமந்தியோ உடம்பு முழுக்கக் கறுப்பு. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், சுற்றியுள்ள இலை வெளுக்கும். அரை ஸ்டாப் குறைத்து எடுத்துப் பிறகு கண்களை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். இங்கே 600 லென்ஸைவிட ஒரு பழைய 50 மி.மீ. எஃப் 1.8 அதிகம் பயன்படும். ஓடைக்கு ஒரு போலரைசர் கண்டிப்பாக வேண்டும். பாசி படிந்த பாறையின் பளபளப்பை அறுத்துப் பச்சையை வெளியே கொண்டுவரும்.

மறைசெலவு: அட்டை, ஈரம், குரங்கு. மார்கழியில் அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் துணிக் காலுறையும் ஒரு பொட்டலம் மூக்குப்பொடியோ உப்போ வேண்டும். மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்கள், பையின் மழையுறை உள்ளேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் பையெல்லாம் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கட்டிக்கொண்டு போங்கள். லென்ஸுக்கு அடியில் வைக்கும் தானியப் பையில் அரிசியோ பயறோ நிரப்பாதீர்கள், குரங்கு பிய்த்துவிடும். அங்கே பழைய துணியைச் சுருட்டி வைத்தாலே போதும். டிரோன் சரணாலயம் எதிலும் கூடாது. வண்டியில் வைத்திருந்தாலே விசாரணை வரும்.

## மன்னார் வளைகுடா, தனுஷ்கோடி

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர், 1986ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. பெயர் பெரிது, படம் எடுக்கிறவருக்குக் கிடைப்பது சிறிது. தீவுகளில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. வனத்துறை அனுமதித்த படகில்தான் கடலைப் பார்க்கலாம். கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறை பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. கேமராவுக்கு அது மேல் வெளிச்சத்தின் பிரதிபலிப்போடு போடும் சண்டை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள். கைபேசியே போதும். மழை முடிந்த புதிதில் தண்ணீர் கலங்கல், தை கடைசிக்கு மேல்தான் தெளியும்.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? பூங்காவின் ஓரத்துக்காக. தனுஷ்கோடிப் பக்கம் தை, மாசியில் பூநாரை (ஃபிளமிங்கோ) இறங்கும். 2025ல் அதற்கென்று தனியாக சரணாலயமும் அறிவித்தாயிற்று. இரு பக்கமும் கடல் என்பதால் ஒரே மணல்திட்டில் நின்று உதயமும் அஸ்தமனமும் எடுக்கலாம். பூநாரை 200 மீட்டருக்குள் விடாது. 1.3 மீட்டர் உயரப் பறவை, 300 லென்ஸில் 2 மி.மீ.க்கும் குறைவு; 600ல் கிட்டத்தட்ட 4 மி.மீ., அதாவது சட்டத்தில் கால்வாசி. 300 மட்டும் இருந்தால் பறவையை விட்டுவிட்டு, இடிந்த தேவாலயம், வள்ளம், வலை, அலை என்று அகலமாக யோசியுங்கள்.

மணல் இங்கே எதிரி. வாடை பலமாக அடிக்கும் நாளில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மணல் உட்கார்ந்துவிடும். இரண்டு லென்ஸ் இருந்தால் இரண்டு கேமரா, இல்லாவிட்டால் ஒரே லென்ஸோடு முடித்துக்கொள்ளுங்கள். டிரைபாட் காலை மணலில் அரையடி புதைத்து, நடுக் கொக்கியில் பையைத் தொங்கவிட வேண்டும். இரவில் நல்ல தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் டிரைபாட் மூட்டுகளையும் துடைத்தே ஆக வேண்டும், காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் மாலைக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், காலையிலும் நேரம் பார்த்துத்தான் திறப்பார்கள். வெளிச்ச மணியில் பாதி அங்கேயே போயிற்று.

ராமேஸ்வரம் வரை ஒரு வழிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், 50 கிலோமீட்டரில் தூத்துக்குடி உப்பளம் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு வேலை நின்று பாத்தியில் தண்ணீர் தேங்கும், உள்ளான், ஆலா, சில வருடம் பூநாரையும் அங்கே வரும். தனியார் இடம், அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள். உப்பு வார ஆரம்பித்தபின் வரப்பை மிதித்தால் திட்டு நிச்சயம்.

## இரவிகுளம்

97 சதுர கிலோமீட்டர், 1978ல் தேசியப் பூங்கா. சங்கரன்கோவில், ராஜபாளையம், தேனி, போடி வழியாக 270 கிலோமீட்டர் அளவில். மலைச்சாலையையும் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். போக ஒரு பகல், வர ஒரு பகல். நாலு நாள் லீவில் படம் எடுக்க மிஞ்சுவது இரண்டு காலை.

அந்த இரண்டு காலையிலும் பூங்காவுக்குள் உதயத்துக்கு நிற்க முடியாது. வாசல் திறந்து, வனத்துறை பஸ்ஸில் ஏறி, பூங்காவில் பார்வையாளரை விடும் பகுதியான ராஜமலையில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். லீவு நாளில் வரிசையே இரண்டு மணி நேரம். டிக்கெட்டை ஆன்லைனில் முதல் பஸ்ஸுக்கே எடுத்துவிடுங்கள்.

ஆனால் இங்கே ஒரு கொடுப்பினை உண்டு: வரையாடு. மனிதரைப் பார்த்துப் பழகியதால் சாலையோரம் பத்து மீட்டரில் வந்து மேயும். வேறு எங்கேயும் மலைமுகட்டில் புள்ளியாகத் தெரிகிற விலங்கு, இங்கே 70-200 லென்ஸில் முகம் நிறைய வரும். பெரிய லென்ஸ் தேவையே இல்லை. வரையாடும் பின்னால் மலைமடிப்பும் சேர்த்து 35 மி.மீ.யில் எடுத்தால் இன்னும் அழகு.

குட்டி போடும் பருவத்துக்காக வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுவார்கள். தைப்பூசத்துக்குப் போவோம், மாசியில் போவோம் என்று தள்ளிப்போட்டால் பூட்டிய வாசல்தான். ஜனவரிக் கடைசி வாரம் போனால், கொடுத்து வைத்திருந்தால் முதல் குட்டிகளையும் பார்க்கலாம். மூடும் தேதி வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும். நீலக்குறிஞ்சியை யாராவது கேட்டால் 2030 என்று சொல்லிவிடுங்கள், அதுவும் குளிர்காலத்தில் இல்லை.

குளிர் உண்மையான குளிர். பள்ளத்தாக்கில் சில விடியல் உறைபனி படியும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரி பேட்டரியைச் சட்டை உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியிலிருந்து அறைக்கு வரும்போது கேமராவைப் பையோடு மூடியே வைத்து அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு உள்ளே நீர் கோக்கும். நெல்லையில் இதே தொல்லை தலைகீழாக வரும்: ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு பனி விழும் வெளிக்கு வந்தால் லென்ஸ் மூடிக்கொள்ளும். முதல் கால் மணி நேரம் அப்படியே போய்விடும்.

பெரியாறு புலிகள் காப்பகத்தையும் சேர்க்கலாமே என்றால், மார்கழி, தையில் வேண்டாம். மழை முடிந்து காடெல்லாம் தண்ணீர் இருக்கும்போது யானை எதற்குத் தேக்கடி ஏரிக்கரைக்கு வர வேண்டும்? அது கோடைக்கான இடம். அதோடு குமுளியில் சபரிமலைக் கூட்டம்.

## ஒரே பார்வையில்

| | கூந்தன்குளம் | முண்டந்துறை | தனுஷ்கோடி | இரவிகுளம் |
|---|---|---|---|---|
| நெல்லையிலிருந்து, ஒரு வழி | 30 சொச்சம் கி.மீ. | 50 கி.மீ. அளவில் | 240 கி.மீ. அளவில் | 270 கி.மீ. அளவில் |
| தேவைப்படும் நாள் | 1 | 1 அல்லது 2 | 3 | 4 |
| காலை வெளிச்சம் கைக்கு வருமா | முழுசாக | தேவையில்லை, நிழலே போதும் | பாதி | வராது |
| போதுமான லென்ஸ் | 300 | 50 மற்றும் 300 | 600 | 70-200 |
| நல்ல நாட்கள் | தை முதல் பங்குனி வரை | தை பிற்பாதி, மாசி | தை கடைசி, மாசி | ஜனவரி முடியும் முன் |
| கெடுக்கும் காரணம் | குளத்தில் தண்ணீர் இல்லாமை | மழை, கணக்கெடுப்பு | காற்று, மணல் | கூட்டம், மூடல் |

## யாருக்கு எது

முதல் கேமரா, 300 வரை லென்ஸ், பறவை எடுத்துப் பழக வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கூந்தன்குளம். மூணாறுக்கு ஒரு தடவை போகும் செலவில் இங்கே பத்துக் காலை போகலாம். பத்தாவது காலையில் எடுக்கும் படம் முதல் காலை எடுத்ததைப் போல இருக்காது.

பறவை அலுத்துவிட்டது, ஓடையும் தவளையும் மூடுபனியும் வேண்டும் என்பவருக்கு முண்டந்துறை. குடும்பத்தோடு, மாமியார், பிள்ளை எல்லாரும் வருகிறார்கள் என்றால் மூணாறுதான் வசதி. ஆனால் அதைக் கேமராப் பயணம் என்று நினைக்காதீர்கள். வரையாடு ஒன்றுக்காகவே போகிறவர் மட்டும் ஜனவரி நடுவில், வார நாளில், தனியாகவோ ஒத்த ரசனை உள்ள இரண்டு பேரோடோ போகலாம். 600 லென்ஸ் சொந்தமாக இருக்கிறது, கடல் வெளிச்சம் பிடிக்கும் என்றால் தனுஷ்கோடி. லென்ஸை வாடகைக்கு எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் முன்பணம், இரண்டு கிலோ சுமை, மணல் பட்டால் தண்டம் எல்லாம் சேர்ந்து நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த 600ஐக் கூந்தன்குளத்து வாத்துக்கு எடுத்துப் பழகிவிட்டுப் பிறகு கடலுக்குப் போகலாம்.

நாலு நாளையும் நெல்லையை விட்டு நகராமல் இப்படிப் பிரிக்கலாம்: முதல் நாள் காலையும் மாலையும் கூந்தன்குளம், இரண்டாம் நாள் பகல் முழுக்கப் பாபநாசம் பக்கம், மூன்றாம் நாள் விடியலில் தூத்துக்குடி உப்பளம், நாலாம் நாள் முதல் நாள் விட்டதைப் பிடிக்க மறுபடி கூந்தன்குளம். காணும் பொங்கல் எந்த நாளில் விழுகிறதோ அந்த நாளில் பாபநாசம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளம் வற்றிக் கிடக்கும் வருடம் என்றால் அந்தக் காலைகளை வல்லநாட்டுக்கு மாற்றலாம். தூத்துக்குடிச் சாலையில் 18 கிலோமீட்டர் அளவில், 16 சதுர கிலோமீட்டர் முள்காட்டுக் குன்று. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான். வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே அனுமதி கேளுங்கள். மான் நம்மைப் பார்த்த நொடியில் ஓடாது, தலையைத் தூக்கி நின்று பார்க்கும், நாம் இன்னும் ஒரு எட்டு வைத்தால்தான் ஓடும். அந்த எட்டை வைக்காமல், உடைமர நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டால், பத்து நிமிடத்தில் மறுபடி மேய ஆரம்பித்துவிடும்.